காயலான் கடையிலிருந்து பட்டறைக்கு: பழைய பில்லர் டிரில்லைச் சரிசெய்து மாற்றியமைக்கும் முறை

கோவைப் பக்கம் 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. அதன் பிறகு மில்லும் பம்பும் மோட்டாரும் பெருகி, தெருவுக்குத் தெரு லேத் பட்டறைகள் முளைத்தன. ஒவ்வொரு பட்டறையின் மூலையிலும் ஒரு பில்லர் டிரில், அதாவது தூணில் பொருத்திய துளை போடும் மெஷின், நின்றது. இன்று பல பட்டறைகளில் கம்ப்யூட்டர் இயக்கும் சி.என்.சி. மெஷின் வந்துவிட்டது. பட்டறைகள் கை மாறுகின்றன, சில மூடப்படுகின்றன. அங்கிருந்த டிரில்கள் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போகின்றன. அவற்றில் பல இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடிய மெஷின்கள். கனமான வார்ப்பிரும்பு, தடித்த தூண், எங்கும் கிடைக்கிற பேரிங். இதே கனத்தில் புதிதாக ஒன்று வாங்கப் போனால்தான் பழையதன் அருமை தெரியும்.

அப்படி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து உயிர் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேத் ஓட்டிய அனுபவம் தேவையில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்து, அவசரப்படாமல் இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரில் மெஷினின் உயிர், பிட்டைச் சுற்றவைக்கும் தண்டான ஸ்பிண்டிலில் இருக்கிறது. அது நேராகச் சுற்றினால் மெஷின் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் நல்ல துளை போடும். அது ஆடினால் எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் பயனில்லை. என் முதல் மெஷினுக்கு நான் பெயின்ட் வேலையில்தான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் தேய்த்து, லப்பம் வைத்து, இரண்டு கோட் அடித்து முடித்தேன். ஓட்டிப் பார்த்தால் பேரிங் அலறியது. மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றியதில் புதுப் பெயின்ட் பாதி பெயர்ந்துவிட்டது. அதனால் இங்கே நான் சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம்: பார், அள, கழற்று, சரிசெய், பூட்டு, அப்புறம் அழகு.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டு வேலைக்கு அரை அங்குல மெஷின், அதாவது அரை அங்குலம் வரை துளை போடுவது, சரியான அளவு. பட்டறைக்காரர்கள் இதை நாலு நூல் டிரில் என்பார்கள்; ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு மேல் முக்கால், ஒரு அங்குல மெஷின்கள் உண்டு. இடமும் ஆள்பலமும் இருந்தால் அவற்றையும் எடுக்கலாம். ஆனால் முதல் மெஷின் நாலு நூலாக இருப்பது நல்லது. தமிழ்நாட்டில் கண்ணில் படுபவற்றில் பஞ்சாபின் பட்டாலாவிலும் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் செய்தவை உண்டு. பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே பெயரில் நல்ல வார்ப்பும் வரும், மோசமான வார்ப்பும் வரும்.

ஒரு டார்ச், சின்னச் சுத்தியல் இரண்டையும் கையில் எடுத்துப் போங்கள். முதலில் தலை, டேபிள், அடிப்பலகை மூன்றையும் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல வார்ப்பு கணீர் என்று ஒலிக்கும். சொத்தென்று சத்தம் வந்தால் அங்கே விரிசல் இருக்கலாம். டார்ச் அடித்துத் தேடுங்கள். டேபிளை இறுக்கும் போல்ட் இருக்கும் பிளவுப் பகுதியிலும், தலை தூணைக் கவ்வும் இடத்திலும்தான் விரிசல் அதிகம் வரும். தலையில் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது எளிதான வேலை இல்லை.

அடுத்து ஸ்லீவ். ஸ்பிண்டிலைத் தன்னுள் தாங்கி, கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் போய்வரும் உருளை அது. அதை முழுக்கக் கீழே இறக்கி, அடியில் பிட்டைக் கவ்வும் சக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இரண்டு இடத்திலிருந்து வரலாம். ஸ்லீவ் ஆடாமல் ஸ்பிண்டில் மட்டும் ஆடினால் அது பேரிங் தேய்மானம்; மாற்றிவிடலாம். ஸ்லீவே தலைக்குள் ஆடினால் அது வார்ப்பின் தேய்மானம். அதைச் சரிசெய்ய துளையைக் கடைந்து பெரிதாக்கி (போரிங்), உள்ளே ஒரு உலோக வளையம் (புஷ்) இறக்க வேண்டும், செலவு மெஷின் விலையைத் தாண்டும். வாங்குவதா வேண்டாமா என்பதை நான் பெரும்பாலும் இந்த ஒரு சோதனையை வைத்தே முடிவு செய்கிறேன்.

டேபிளில் ஆளாளுக்குத் துளை போட்டு வைத்திருப்பார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் வேலைக்குக் கேடில்லை. பெல்ட் மூடி, ஆழம் நிறுத்தும் கம்பி, கைப்பிடி உருண்டைகள் இல்லாமல் போனாலும் செய்துகொள்ளலாம். ஸ்லீவில் நேர்வரிசையாக வெட்டியிருக்கும் ரேக் பற்கள் உடைந்திருந்தால் யோசியுங்கள். மோட்டார் எரிந்திருந்தால் கவலை வேண்டாம். அந்தக் காரணத்தைச் சொல்லி விலையைக் குறையுங்கள். மோட்டார் கிடைக்கும், நல்ல தலை கிடைக்காது.

ஏற்றிக் கொண்டுவரும்போது மெஷினைப் படுக்கவையுங்கள். பில்லர் டிரில்லுக்குக் கனமெல்லாம் தலையில். நிறுத்தி வைத்தால் ஒரு வளைவில் சாய்ந்துவிடும். படுக்கவைக்கும் முன் மோட்டாரைக் கழற்றிவிடுங்கள். டேபிளை நன்றாக இறுக்குங்கள்.

கழற்றும் முன் அளந்துவிடுங்கள்

துருப்பிடித்த மெஷினைப் பார்த்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜும், அதைப் பிடிக்கக் காந்த ஸ்டாண்டும் வாங்குங்கள். இந்த வேலையில் முதலில் தேவைப்படும் அளவுக் கருவி அது. அதன் டயலில் ஒரு கோடு என்பது 0.01 மி.மீ.

சக் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அளப்பது புரியும். ஸ்பிண்டிலின் அடியில் ஒரு கூம்புத் துளை. அதில் ஆர்பர் என்னும் கூம்புத் தண்டு செருகியிருக்கும். ஆர்பரின் மறுமுனையில் இன்னொரு கூம்பில் சக் மாட்டியிருக்கும். மேலே இருப்பது மோர்ஸ் டேப்பர். 1860-களில் அமெரிக்காவில் ட்விஸ்ட் டிரில்லுக்குக் காப்புரிமை பெற்ற ஸ்டீபன் மோர்ஸின் பெயர் அது. நம் மெஷின்களில் பெரும்பாலும் எம்.டி.2, அதாவது இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பர்; சரிவு ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று. இந்தச் சரிவில் கூம்பு தன் உராய்விலேயே பிடித்துக்கொள்ளும். போல்ட் எதுவும் கிடையாது. சாவி போட்டு இறுக்கும் மூன்று தாடைச் சக் ஆர்தர் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் 1902-ல் காப்புரிமை பெற்ற வடிவம். அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை.

ஆட்டம் இந்த நான்கில் எங்கிருந்தும் வரலாம்: பேரிங், ஸ்பிண்டில், ஆர்பர், சக். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சக்கில் ஒரு புதிய, நேரான தண்டைப் பிடித்து, சக்குக்குக் கீழே 25 மி.மீ. தூரத்தில் டயலின் முனையை வையுங்கள். பெல்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முள் எத்தனை கோடு போய்வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 0.1 மி.மீ.க்குள் இருந்தால் பொது வேலைக்குப் போதும். அதிகமாக இருந்தால் சக்கையும் ஆர்பரையும் வெளியே எடுத்து, ஸ்பிண்டிலின் கூம்புத் துளையின் உள்சுவரில் நேரடியாக அளவெடுங்கள். அங்கே 0.02, 0.03 வந்தால் ஸ்பிண்டில் நன்றாக இருக்கிறது. குற்றம் ஆர்பரிலோ சக்கிலோ இருக்கிறது.

அதையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஆர்பரைச் செருகும்போது அதிலும் ஸ்பிண்டிலிலும் ஸ்கெட்ச் பேனாவால் நேராக ஒரு கோடு போடுங்கள். அளந்து, மேடு எந்தப் பக்கம் என்று குறியுங்கள். பின் ஆர்பரை எடுத்து அரைச் சுற்று திருப்பி மறுபடி செருகி அளங்கள். மேடு ஆர்பரோடு சேர்ந்து திரும்பியிருந்தால் ஆர்பர் வளைந்திருக்கிறது. ஸ்பிண்டில் பக்கமே நின்றால் ஸ்பிண்டிலில் குறை. புதிய ஆர்பரும் சக்கும் கடையில் சுலபமாகக் கிடைக்கும். அதனால் இந்தச் சோதனை எத்தனையோ பேரைத் தேவையில்லாமல் ஸ்பிண்டிலைக் கழற்றுவதிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

ஆர்பரை எடுக்க ஸ்பிண்டிலின் பக்கவாட்டில் உள்ள நீளத் துளையில் டிரிஃப்ட் என்னும் ஆப்பைச் செருகி ஒரு தட்டு தட்டினால் விழும். கீழே மரக்கட்டையோ பழைய சாக்கோ வையுங்கள். கூம்புத் துளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். எங்காவது சிராய்ப்பின் மேடு தட்டுப்பட்டால் துளையின் உள்சுவரை லேசாகச் சீவும் எம்.டி.2 ஃபினிஷிங் ரீமரைக் கையால் மட்டும், எண்ணெய் விட்டு, இரண்டு சுற்றுச் சுற்றினால் மேடு போய்விடும். பள்ளம் இருந்தால் அப்படியே விடுங்கள். மேடுதான் ஆர்பரைச் சாய்க்கும்.

கழற்றுதல்

ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பூட்டும்போது இந்தப் படங்கள்தான் துணை.

இறுகிப்போன போல்ட்டுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். மறுநாளும் அசையவில்லை என்றால் சுற்றியுள்ள வார்ப்பைச் சூடாக்கி, ஆறும் முன் திருப்புங்கள். சூடுபடுத்தும் முன் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். தலையில்லாத கிரப் ஸ்க்ரூவில் ஆலன் கீ போடும் முன் குழியிலுள்ள அழுக்கை ஊசியால் தோண்டி எடுங்கள்; பாதி ஆழத்தில் கீ நின்றால் குழி வழுக்கிக் கெட்டுவிடும். ஒரு கிரப் ஸ்க்ரூவை எடுத்தும் புல்லி வரவில்லை என்றால் அதற்குப் பின்னால் இரண்டாவது ஒன்று இருக்கலாம், டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியப் புல்லியின் விளிம்பில் கடப்பாறை வைத்து நெம்பவே கூடாது; துண்டாக உடையும். புல்லியைக் கவ்வி நேராக இழுக்கும் புல்லர் போட்டு எடுங்கள்.

இப்போது இந்த மெஷினிலேயே ஆபத்தான பாகத்துக்கு வருவோம். தலையின் ஒரு பக்கம் ஒரு வட்டமான மூடி இருக்கும். அதற்குள் கடிகாரத்தில் இருப்பதுபோல் ஒரு சுருள் ஸ்பிரிங் முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கைப்பிடியை விட்டதும் ஸ்லீவை மேலே இழுப்பது இதுதான். முறுக்கோடு இருக்கும்போது மூடியைக் கழற்றினால் மூடி கையை உடைக்கிற வேகத்தில் சுற்றும். ஸ்பிரிங்கின் விளிம்பு தோலைக் கிழிக்கும். தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஸ்லீவுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை நிறுத்துங்கள், ஏனென்றால் ஸ்பிரிங் தளர்ந்ததும் ஸ்லீவ் கீழே இறங்கிவிடும். பிறகு மூடியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே நட்டைத் தளர்த்தி, மூடியைத் தடையிலிருந்து சற்றே வெளியே இழுத்து, பிடியை விடாமல் ஒவ்வொரு பள்ளமாக முறுக்கை இறக்குங்கள். எத்தனை சுற்று இறங்கியது என்று எண்ணிச் சுவரில் எழுதிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே எண்ணிக்கை வேண்டும். ஸ்பிரிங்கை மூடியிலிருந்து பிரிக்காதீர்கள். அப்படியே டீசலில் அலசி, கிரீஸ் போட்டு வைத்தால் போதும்.

ஸ்பிரிங் போன பிறகு பினியன் தண்டை, அதாவது கைப்பிடியோடு சேர்ந்து ஸ்லீவை ஏற்றி இறக்கும் பல்தண்டை, இழுத்தால் வரும். ஸ்லீவ் கீழ்வழியாகக் கையில் இறங்கும். தலையைத் தூணிலிருந்து எடுப்பது கடைசி வேலை. டேபிளை உயர்த்தி, தலைக்குக் கீழே முட்டாக ஒரு கட்டையை வைத்து, இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள்.

துருவும் பெயின்ட்டும்

எண்ணெய்ப் பிசுக்கை டீசலும் பழைய பெயின்ட் பிரஷும் கொண்டு கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தூசியாக்க வேண்டாம், அதிலும் குழந்தைகள் நடமாடும் வீட்டில் கூடவே கூடாது. பெயின்ட் ரிமூவர் பூசி, ஊறியபின் சுரண்டி எடுங்கள். மீதியை வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள்.

தூண் பளபளப்பான பாகம். அதன் மேலோட்டமான துருவுக்கு எண்ணெயும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நிறத் தேய்ப்பானும் போதும். ஆழமான துருவுள்ள சின்ன வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமையானது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையைத் துருப்பிடித்த பாகத்தில் இணையுங்கள். பிளஸ் முனையை ஒரு சாதாரண இரும்புத் தகட்டிலோ கட்டடக் கம்பியிலோ இணையுங்கள். இரண்டும் தொடக்கூடாது. 12 வோல்ட்டில் ஓர் இரவு விட்டால் துரு கருஞ்சேறாகிக் கழன்றுவரும்.

சில எச்சரிக்கைகள். பிளஸ் பக்கம் எவர்சில்வர் தட்டு போடவே கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும். இந்த வேலையில் ஹைட்ரஜன் வாயு வெளியாகும், ஆகவே திறந்த வெளியில், நெருப்புக்கு அப்பால் வையுங்கள். முனைகளைத் தொடும் முன் சார்ஜரை நிறுத்துங்கள். அலுமினியப் புல்லியைப் போட்டால் சோடா அரித்துவிடும். ஸ்பிரிங்கும் கடினப்படுத்திய எஃகுப் பாகங்களும் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். அவற்றைக் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

வெளியே எடுத்ததும் கழுவி, வெயிலில் காயவைத்து, உடனே எண்ணெய் அல்லது பிரைமர் பூசுங்கள். சுத்தமான இரும்பு கொஞ்ச நேரத்திலேயே மறுபடி செம்மை தட்டும். பித்தளைப் பெயர்ப்பலகை இருந்தால், எழுத்துகளில் பெயின்ட் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பாத பலகையைப் புளியால் தேய்த்தால் பாட்டி விளக்கு துலக்கிய மாதிரி மின்னும். பெயின்ட் நிரப்பியதை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

பெயின்ட் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ரெட் ஆக்சைடு பிரைமர், குழிகளில் லப்பம், எனாமல் இரண்டு கோட். தூண், ஸ்லீவ் ஓடும் துளை, டேபிளின் மேல்முகம் ஆகியவற்றில் பெயின்ட் படாமல் டேப் ஒட்டுங்கள்.

பேரிங்

ஸ்லீவுக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பேரிங் இருக்கும். பல மெஷின்களில் துளைபோடும் அழுத்தத்தைத் தாங்கக் கீழே ஒரு திரஸ்ட் பேரிங்கும் இருக்கும். எண் பேரிங்கின் முகத்திலேயே பொறித்திருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மி.மீ. 6204 என்றால் 20, 47, 14. எண் தேய்ந்திருந்தால் இந்த மூன்றையும் வெர்னியரால் அளந்து கடையில் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதைக் கேளுங்கள், வார்ப்புத் தூசி உள்ளே போகாது. சி3 என்று குறித்ததை ஸ்பிண்டிலுக்கு வாங்காதீர்கள். அதில் உள் இடைவெளி அதிகம், மோட்டாருக்குத்தான் அது ஏற்றது. பெயர்பெற்ற கம்பெனியின் பேரிங்கை அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள், ஏனென்றால் போலிகள் நிறைய. இந்த மெஷினில் காசைப் பார்க்கக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

பொருத்தும்போது ஒரு விதி. தண்டில் இறுக்கமாக ஏறும் பேரிங்கை உள்வளையத்தில் மட்டும் தட்டுங்கள். கூட்டில் இறுக்கமாக இறங்குவதை வெளிவளையத்தில் மட்டும் தட்டுங்கள். மாற்றித் தட்டினால் அடியின் வேகம் குண்டுகள் வழியே போய் ஓடுபாதையில் குழி விழும். அளவான குழாய்த் துண்டை வைத்துத் தட்டுவதோ, வைஸில் வைத்து அழுத்துவதோ நல்லது. தண்டை ஓரிரவு ஃப்ரீஸரில் வைத்தால் இன்னும் சுலபமாக ஏறும்.

மேல் நட்டை ஆட்டம் போகும்வரை இறுக்கி, ஸ்பிண்டில் விரலுக்குச் சுலபமாகச் சுற்றுகிறதா என்று பார்த்து, லாக் நட்டைப் பூட்டுங்கள். கால் மணி நேரம் ஓட்டியபின் ஸ்லீவின் மேல் கையை வையுங்கள். இளஞ்சூடு சரி. கையை எடுக்கவைக்கும் சூடு என்றால் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

பூட்டி நேராக்குதல்

ஸ்லீவுக்கும் தூணுக்கும் கடைகளில் 68 நம்பர் என்று கேட்டால் கொடுக்கும் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகிவிடும். சக்கின் கூம்பிலும் ஆர்பரிலும் எண்ணெய் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. தின்னரால் துடைத்து, சக்கின் தாடைகளை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, மரச் சுத்தியலால் அடியிலிருந்து ஒரே தட்டு.

ஏ செக்‌ஷன் பெல்ட்டில் ஏ-38 என்றிருந்தால் உள்சுற்றளவு 38 அங்குலம். பழைய பெல்ட் நீண்டிருக்கும், ஆகவே புல்லிகளைச் சுற்றிக் கயிறு போட்டு அளப்பதே நம்பகமானது. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. உள்வாங்கும் அளவு இறுக்கம் போதும்.

டேபிள் ஸ்பிண்டிலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடித்த கம்பியை ‘ட’ போல மடித்துச் சக்கில் பிடியுங்கள். அதன் முனை டேபிளில் ஏறக்குறைய 200 மி.மீ. வட்டம் போட வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒரு புள்ளியில் முனைக்கும் டேபிளுக்கும் நடுவே ஃபீலர் கேஜில் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) ஒரு தகட்டை உரசும்படி வையுங்கள். கையால் சுற்றி நான்கு திசையிலும் பாருங்கள். இடவலச் சாய்வை டேபிளின் கீழுள்ள போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன்பின் சாய்வுக்கு டேபிளும் அதன் கையும் சேரும் இடத்தில் மெல்லிய தகடு வைக்க வேண்டும். குளிர்பான அலுமினியக் கேனின் சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன், வெட்டி வைக்கச் சரியாக இருக்கும்.

அடிப்பலகையைத் தரையில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மின்சாரமும் மாற்றங்களும்

பழைய ஒயரைப் பிடுங்கி எறியுங்கள். புது மூன்று கோர் கேபிள் போட்டு, மோட்டார் உடலையும் மெஷின் உடலையும் எர்த்தில் இணையுங்கள். வெறும் சுவிட்ச் வைக்காமல் பச்சை, சிவப்புப் பொத்தான் உள்ள ஸ்டார்ட்டர் வையுங்கள். மின்தடை வந்து போனால் அது தானாக மெஷினை ஓடவிடாது. கரண்ட் போன நேரத்தில் பிட்டை மாற்றிக்கொண்டிருக்கும் கைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிவிட்டு ஓடாமல் நின்றால் முதலில் கப்பாசிட்டரைப் பாருங்கள்.

வேகம் எவ்வளவு வேண்டும்? மைல்டு ஸ்டீலுக்கு ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டில் 8000-ஐ பிட்டின் விட்டத்தால், அதாவது மி.மீ. அளவால், வகுத்தால் ஏறக்குறைய ஆர்.பி.எம். கிடைக்கும். 5 மி.மீ. பிட்டுக்கு 1600, 13-க்கு 600 சொச்சம். எவர்சில்வருக்கு அதில் பாதிக்கும் கீழே, அலுமினியத்துக்கு இரண்டு மடங்கு. மெஷின் தரும் வேகத்தை மோட்டார் வேகம் பெருக்கல் மோட்டார் புல்லி விட்டம் வகுத்தல் ஸ்பிண்டில் புல்லி விட்டம் என்று கணக்கிடலாம். 1440 சுற்று மோட்டாரில் 50 மி.மீ. புல்லி, ஸ்பிண்டிலில் 150 என்றால் 480.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் பலர் வி.எஃப்.டி. என்னும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவியை வைக்கிறார்கள் என்று புரியும். மூன்று ஃபேஸ் மோட்டாரை வீட்டு 230 வோல்ட்டில் ஓட்டவும், ஒரு குமிழைத் திருப்பி வேகத்தை மாற்றவும் அது உதவுகிறது. ஆனால் அது 230 வோல்ட் மூன்று ஃபேஸ்தான் கொடுக்கும். 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் இணைத்த மோட்டாரை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும்; ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் மூன்று காயில்களை இணைக்கும் இரண்டு முறைகள். டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருந்தால் தகடுகளை மாற்றிப் போட்டால் போதும். மூன்றே முனைகள் இருந்தால் காயில் கட்டும் கடையில் கொடுத்து உள்ளே இருக்கும் முனைகளை வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் எதுவும் வைக்கக் கூடாது. கரண்டை நிறுத்திய பிறகும் அதற்குள் சில நிமிடங்கள் மின்னழுத்தம் நிற்கும். உடனே மூடியைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. பெல்ட்டை மாற்றி வேகத்தைக் குறைத்தால் சுழற்றும் விசை கூடும். வி.எஃப்.டி.யில் குறைத்தால் கூடாது. மோட்டாரின் திறன்தான் குறையும். பெரிய பிட்டுக்கு முதலில் பெல்ட்டை மெதுவான படிக்கு மாற்றுங்கள், மீதியைக் குமிழில் சரிசெய்யுங்கள். நான் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே போவதில்லை, மோட்டாரின் விசிறிக்குக் காற்று போதாது.

மரவேலையும் செய்வீர்கள் என்றால் 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு டேபிள் செய்து இரும்பு டேபிளின் மேல் கிளாம்ப் போடுங்கள். நடுவில் மாற்றிக்கொள்ளும்படி ஒரு சதுரத் துண்டும், பின்னால் ஒரு நேர்ச்சட்டமும் வையுங்கள். ஒரு எல்.இ.டி. விளக்கு, காலால் மிதிக்கும் நிறுத்த சுவிட்ச், மூடி இல்லாத மெஷினுக்குத் தகட்டில் ஒரு பெல்ட் மூடி: இந்த மூன்றும் முதல் வாரத்திலேயே வேண்டும். இவற்றுக்காக வார்ப்பில் புதுத் துளை போடாமல், இருக்கும் போல்ட்டுகளிலேயே தாங்கி வைத்துப் பொருத்துங்கள். நாளை வேறொருவர் கைக்குப் போகும்போது மெஷின் முழுசாகப் போகட்டும்.

ஒரு மாற்றத்தை மட்டும் செய்யவே வேண்டாம்: டேபிளில் பக்கவாட்டில் நகரும் கிராஸ் ஸ்லைடு வைத்து, சக்கில் எண்ட் மில் என்னும் வெட்டுக் கருவியைப் பிடித்து, பக்கவாட்டில் வெட்டி மில்லிங் செய்வது. இந்த மெஷின் மேலிருந்து கீழே வரும் அழுத்தத்துக்காகச் செய்தது. பக்கவாட்டு விசை பட்டால் உராய்வில் நிற்கும் கூம்பு கழன்று, சக் சுற்றிக்கொண்டே விழும்.

முதல் துளை

வேட்டி, லுங்கி, துண்டு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் இல்லாமல் நில்லுங்கள். நீள முடி என்றால் கட்டி மூடுங்கள். கையுறை கூடாது, பிட் அதைப் பற்றினால் விரலையும் சேர்த்துச் சுற்றும். கண்ணாடி கட்டாயம். சக் சாவியைக் கையிலிருந்து விட்டால் அது மெஷினில் இருக்கக் கூடாது. பக்கத்தில் அதற்கு ஒரு ஆணி அடியுங்கள்.

10 மி.மீ. தடிமனுள்ள மைல்டு ஸ்டீல் பட்டையை வைஸில் பிடித்து, வைஸை டேபிளோடு போல்ட் போடுங்கள். சென்டர் பஞ்ச் அடித்து, 5 மி.மீ. பிட்டில் 1600-க்கு அருகிலுள்ள படியில் ஓட்டி, கட்டிங் ஆயில் விட்டு இறக்குங்கள். இரண்டு பள்ளத்திலிருந்தும் சுருள் சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பிட்டின் முனையைச் சாணை பிடிக்க வேண்டும், மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். துளை அடியில் வெளிவரும் நேரத்தில் அழுத்தத்தைக் குறையுங்கள், அங்கேதான் பிட் கடித்துப் பிடிக்கும்.

அதே பட்டையில் 10 மி.மீ. துளை ஒன்று போட்டு, 10 மி.மீ. பிட்டின் தண்டுப் பக்கத்தை அதற்குள் விட்டுப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு இறங்கி, ஆட்டினால் அசையாமல் நின்றால் ஸ்பிண்டில் வேலை முடிந்தது. அன்று மாலையே தூணுக்கும் டேபிளுக்கும் எண்ணெய் தடவிவிடுங்கள். இங்கே ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஓர் இரவில் துரு பூத்துவிடும்.